வலையில் வந்த குப்பை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களாகிய நம்மைக் கடலோரத்தார் என்று எவரும் சொல்லார். நமக்கு மலைதான் அடையாளம். எனினும், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்ப்பேட்டைப் பகுதியும் அதில் இணைந்தது. பழவேற்காட்டு ஏரியின் கரையும் கடற்கரையும் உடன் வந்து சேர்ந்தன. எல்லை அன்றுதான் மாறியது. ஆற்று நீர் கடலுக்குச் செல்லும் வழியோ பழைய வழியே. கண்ணப்பர் வரலாற்றில் வரும் பொன்முகலி இன்று சுவர்ணமுகி எனப்படுகிறது. அது சந்திரகிரி, திருப்பதிப் பக்கமாக வந்து, காளத்தியைத் தொட்டு, நாயுடுபேட்டை வழியாக வங்கக் கடலில் கலக்கிறது. பிச்சாட்டூர் அணையைக் கடந்து வரும் ஆரணியாறு தமிழ்நாட்டினுள் புகுந்து பழவேற்காட்டில் முடிகிறது.

ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இவ்வாறுகள், ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகும்போது, கரையில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். 2021 நவம்பர் வெள்ளத்தைத் திருப்பதியில் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாறு போன பொருள்கள் இறுதியில் மீனவரின் வலையில் அகப்படுகின்றன. மீனவர் அவற்றை என்ன செய்தார் என்பதே நாம் இங்குக் கூற எடுத்துக்கொண்ட வரலாறு.

நம் பாட்டனார் காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணல் முதலிய நாராலும் ஆனவை. மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்தினால் சில காலம் உழைக்கும். கவனியாது விட்டால் விரைவில் இற்றுப்போகும். அறுந்து கடலில் வீழ்ந்த வலை சில மாதங்களில் மக்கிவிடும். பழவேற்காட்டு ஏரியில் தமிழ் பேசும் பட்டினவர் குலத்தாரிடையே 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மீனைப் பங்கிட அத்துணை நுட்பமான விதி வகுத்தவர்கள், குப்பைக்கு விதி எதுவும் வகுக்கவில்லை. அன்று நீரில் கிடந்து அழியாத குப்பை மிகக் குறைவே.

இந்நிலை மாறிய கதை கேரளத்துக் கொல்லத்தையடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை என்னும் ஊர்களோடு தொடர்புடையது. 1952ஆம் ஆண்டு இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1953 முதல் அவ்விரு ஊர்களிலும் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் ஒன்று நடைபெற்றது. விசைப்படகுகள் வந்தன, நைலான் வலைகளும் வந்தன. பின்னர் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கவே, கடலடியைத் துழாவிச் செல்லும் இழுவலைப் படகுகள் பெருகின. இற்றுப்போகாத வலை ஏழை மீனவனுக்குப் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் இற்றுப்போகாமை கடலுக்குள்ளும் தொடரும் என்பதை அந்நாளில் எண்ணினோர் அரியர். அறுந்துபோன நைலான் வலை ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

இழுவலையில் மீனோடு பைகளும் புட்டிகளும் ஏறத் தொடங்கின. அவற்றைப் பிரித்தெடுக்க நேரம் வீணாயிற்று, வலை கிழிந்தது, படகின் சுழல்விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது. மீனவர்கள் அவற்றை மீண்டும் கடலிலேயே எறிந்தார்கள். இதனைக் குற்றமாகக் கூற நமக்கு மனம் வரவில்லை. கப்பல்களும் படகுகளும் பிளாஸ்டிக்கைக் கடலில் எறிதலாகாது என்னும் உலக உடன்படிக்கை விதி 1988 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் கரைக்குக் கொண்டுவந்தால் அதனைப் பெற்றுக்கொள்ளத் துறைமுகத்தில் ஓர் ஆளும் இல்லை, ஓர் இடமும் இல்லை.

2017ஆம் ஆண்டு அந்த இடம் சக்திகுளங்கரையில் உண்டாயிற்று. அப்போது கேரளத்தின் மீன்வளத் துறை அமைச்சராயிருந்த மெர்சிக்குட்டி அம்மாவின் முயற்சியால் 'சுசித்துவ சாகரம்', அதாவது தூய கடல், என்னும் திட்டம் தொடங்கியது. படகுகளுக்குப் பைகள் கொடுத்தார்கள், வலையில் வந்த பிளாஸ்டிக்கை மீனவர்கள் அவற்றில் கட்டிக் கரை சேர்த்தார்கள், பெண்கள் அதனைக் கழுவித் தரம் பிரித்தார்கள், இயந்திரம் துகளாக்கியது. முதற் பத்து மாதங்களில் கரையேறிய குப்பை 25 டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தெரிவித்தது. அதில் பைகளும் புட்டிகளும் 10 டன். பழைய வலை, கயிறு முதலானவை 15 டன். நகரத்தார் எறிந்ததை மீனவர் அள்ளினர் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையே சொன்னதாகும். நைலான் வலை முதலில் இறங்கிய துறைகளுள் ஒன்றிலேயே, அறுபதாண்டுகளுக்கு மேல் சென்றபின், அதன் எச்சங்கள் மீனவர் கையாலேயே கரையேறின.

துகள்கள் தாரோடு கலந்து சாலைக்குச் சென்றன. இவ்விடத்தில் நம் தமிழர் ஒருவரை நினைவுகூர வேண்டும். பழைய பிளாஸ்டிக்கைச் சூடான கருங்கல் ஜல்லியின்மேல் உருக்கிப் பூசித் தார்ச்சாலை அமைக்கும் முறையை வகுத்தவர் மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிற நாடுகளும் இவ்வழியில் சென்றுள்ளன. வடகடலோரத்து நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டு மீனவருக்குப் பெரும் பைகளைக் கொடுத்து, அவை நிரம்பி வந்தால் துறைமுகம் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளும் முறை தொடங்கியது. தென்கொரியா 2003 முதல் மீனவர் கொணரும் கடற்குப்பைக்குப் பணமே கொடுத்தது. நம் கருத்தில் இவற்றுள் கவனிக்கத்தக்கது செலவைப் பற்றிய ஏற்பாடே. குப்பையைச் சுமந்து வந்தவனிடமே அதை அகற்றும் கூலியையும் கேட்டால், அவன் அடுத்த முறை சுமக்க மாட்டான். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய துறைமுக விதியில் இந்த உண்மை சட்டமாகவே ஏறியது: வலையில் வந்த குப்பையைக் கரை சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நம் பக்கத்திலும் சில செயல்கள் நடந்தன. திருமலையில் 2022 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் பொருள்களுக்கு முழுத் தடை வந்தது. மலைமேல் வந்த அத்தடையைக் கடலோரச் செய்தியாக யாரும் படித்திருக்கமாட்டார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே, சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்தில், தமிழ்நாட்டு அரசு 2024இல் பழைய வலைகளை மீனவரிடம் விலைக்கு வாங்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. கிழிந்து பயனற்றுப்போன நைலான் வலையை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் கொடுத்தார்கள்.