சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியும் 'தம்' ஆசை போகலையா? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

"சிகரெட்டை நிறுத்திட்டேன், இப்போ வேப் மட்டும்தான்" என்று சொல்லும் நண்பர், பத்தே நாளில் டீக்கடை வாசலில் மறுபடியும் சிகரெட்டோடு நிற்பார். கேட்டால், "என்னவோ தெரியல, அது இழுத்த மாதிரியே இல்ல" என்பார். வீட்டில் 'உனக்கு மன உறுதி இல்லை' என்று திட்டு விழும்.

மன உறுதி ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் சொன்ன "இழுத்த மாதிரியே இல்ல" என்பது சாக்கு அல்ல. உடம்பில் உண்மையாகவே நடக்கிற விஷயம் அது. அது என்னவென்று தெரிந்தால், வேப் இல்லாமலேயே சிகரெட்டை விடுவதற்கும் வழி தெரியும். நம்ம ஊருக்கு இது ரொம்ப அவசியம்.

ஏன்னா, இங்கே வேப்புக்குத் தடை

தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். விற்று முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். எந்த வடிவத்திலும், எந்த அளவிலும் வைத்திருப்பதே சட்டமீறல் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் விளக்கம் கொடுத்திருக்கிறது.

பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். சிகரெட்டை விட வேப் உதவும் என்று அங்கே அரசு மருத்துவத் துறையே சொல்கிறது. 2023-ல், 10 லட்சம் புகைப்பிடிப்பவர்களுக்கு வேப் கிட் கொடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து அறிவித்தது. அதே சமயம், புகைப்பிடிக்காதவர்கள் தொடவே கூடாது என்கிறார்கள். சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது இல்லை என்கிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணன் "நான் வேப்புக்கு மாறித்தான் விட்டேன், நீயும் மாறு" என்று வாட்ஸ்அப்பில் சொல்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே 2018 பிப்ரவரியில் இருந்தே வேப் வைத்திருப்பதும் இழுப்பதும் குற்றம்.

'தம்' ஆசை எங்கிருந்து வருது?

சிகரெட் புகையில் இருக்கும் நிகோட்டின், நுரையீரல் வழியாக மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 விநாடிகள் போதும். கையில் ஊசி போட்டால்கூட இவ்வளவு வேகமாகப் போகாது. மூளையில் டோபமைன் சுரக்கிறது, 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி. சிகரெட்டின் பிடியே இந்த வேகத்தில்தான் இருக்கிறது. இழுத்த அடுத்த கணமே பலன் கிடைப்பதால், 'இதைச் செய், இது கிடைக்கும்' என்று மூளை பச்சைக் குத்தினது போல மனப்பாடம் செய்துகொள்கிறது.

ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் மணிக்கு ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒன்று என்று கை பாக்கெட்டைத் தேடுகிறது. ராத்திரி ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் அளவு தரைமட்டத்தில் இருக்கும். காலை முதல் சிகரெட் மட்டும் ஏன் அவ்வளவு சுகம் என்று கேட்டால் இதுதான் பதில். அது புதுசாக எந்தச் சுகத்தையும் தரவில்லை. முந்தின நாள் சிகரெட் உண்டாக்கிய பற்றாக்குறையை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு பாதி இருக்கிறது, பழக்கம். டீ கிளாஸ் கைக்கு வந்ததும், சாப்பிட்டு முடித்ததும், போன் பேசும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட லைட்டரைப் பார்த்தாலே கை பரபரக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தில் நிகோட்டின் போதுமான அளவு இருந்தாலும் பரபரக்கும். நாளைக்கு பத்து சிகரெட், ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 36,500 தடவை கை வாய்க்குப் போகிறது. இவ்வளவு ஒத்திகை பார்த்த கை சும்மா இருக்குமா?

அப்போ வேப் ஏன் போதலை?

பல வேப் கருவிகள் நிகோட்டினைச் சிகரெட் அளவுக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. பழகாத கையோடு, சிகரெட்டை இழுப்பது போலச் சின்னதாக, வேகமாக இழுத்தால் இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். வேப்பை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும் என்று பிரிட்டனில் ஆலோசகர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். திரவத்தில் நிகோட்டின் அளவு குறைவாக இருந்தால் ஏக்கம் அடங்காது; அதிகமாக இருந்தால் தலைசுற்றல், குமட்டல். அங்கே சட்டப்படி ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு.

புகையிலை எரியும்போது வரும் தொண்டைக் காறல், நெடி, கசப்பு இதெல்லாமும் மூளைக்கு அடையாளங்கள். மாம்பழ வாசனை ஆவி அந்த அடையாளத்தோடு பொருந்தாது. "இழுத்த மாதிரியே இல்ல" என்பதன் அர்த்தம் இதுதான்.

இன்னொரு சிக்கலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பஞ்சு வரை வந்ததும் கீழே போட்டு மிதித்துவிட்டு வேலைக்குப் போகலாம். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. மேஜையில், கட்டிலில், பாத்ரூமில் என்று நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கலாம். சிகரெட் போகும், நிகோட்டின் போகாது.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019-ல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு முடிவு வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வேப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிகோட்டின் கம், பேட்ச் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம். வேப் ஜெயித்தது என்று இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே ஆய்வில், வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம், பேட்ச் பக்கம் அப்படித் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். இரண்டு எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'ரெண்டும் கலந்து அடிக்கிறேன், சிகரெட் குறைஞ்சிருக்கே' என்று திருப்திப்படுவதும் சரியில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இருபதில் ஒரு பங்குதானே என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

அந்த மூணு நிமிஷம்

ஆசை வரும்போது அது ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் ஏக்கமும் அலை மாதிரி, பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். சிகரெட் பிடித்தாலும் இறங்கும், பிடிக்காவிட்டாலும் இறங்கும். அந்த நேரத்தைக் கடத்துவதுதான் வேலை. எழுந்து வேகமாக ஒரு நடை நடப்பது நல்ல பலன் தருகிறது. தண்ணீர், கிராம்பு, ஏலக்காய், வறுத்த கடலை என்று வாய்க்கும் கைக்கும் ஏதாவது வேலை கொடுக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து 'பத்து நிமிஷம் கழிச்சு முடிவு பண்ணலாம்' என்று தள்ளிப்போடுவதும் உதவும்.

நிறுத்திய 2-வது, 3-வது நாள்தான் மோசமானவை. எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், அகோரப் பசி, சிலருக்கு மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும். 2 முதல் 4 வாரத்தில் இவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்கள் அந்த மூன்று நாள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பெரிய உதவி.

டீ, காபி பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சிகரெட் புகையில் இருக்கும் சில ரசாயனங்கள், காபியில் உள்ள கஃபீனை ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கின்றன. இதைச் செய்வது நிகோட்டின் அல்ல, புகை. அதனால் சிகரெட்டை நிறுத்தினாலும் சரி, வேப்புக்கு மாறினாலும் சரி, அதே நாலு டம்ளர் காபி உடம்பில் முன்பைவிட அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராதது. அதை 'சிகரெட் இல்லாததால்தான் இப்படி' என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. நிறுத்தும் நாளில் இருந்து காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல சிகிச்சைக்கான குளோசபின் மாத்திரை எடுப்பவர்கள், சிகரெட்டை நிறுத்தும்முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

நிகோட்டின் கம்: மெல்லத் தெரியாமல் கைவிடப்படும் மருந்து

இந்தியாவில் சட்டப்படி கிடைக்கும் மாற்று இது. 2 மில்லிகிராம் கம்மை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவரா நீங்கள்? அப்படியானால் பழக்கம் ஆழமாக இருக்கிறது. 4 மில்லிகிராம் தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

'அதெல்லாம் ட்ரை பண்ணிட்டேன், விக்கல்தான் வந்துச்சு' என்பவர்கள்தான் அதிகம். பபிள்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். விழுங்கிய நிகோட்டினில் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும், மூளைக்குப் போகாது. கம்மை மெதுவாக மெல்ல வேண்டும். காரமாக, சுருக்கென்று வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். நிகோட்டின் உள்ளே போவது கன்னத்தின் தோல் வழியாகத்தான். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம்.

கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பும், வாயில் இருக்கும்போதும் காபி, ஜூஸ், சோடா வேண்டாம். வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோட்டின் உறிஞ்சப்படாது. டீ குடித்துக்கொண்டே கம் மெல்வது காசைக் கரியாக்குவது.

கம் உச்சம் தொட 20, 30 நிமிடம் ஆகும் என்பதால், ஆசை வந்தபிறகு தேடாமல் முதல் சில வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே போடுவது நல்லது. பிறகு குறைத்துக்கொண்டே வந்து, சுமார் 3 மாதத்தில் நிறுத்தலாம். நாள் முழுக்கச் சீராக நிகோட்டின் தரும் பேட்ச்சைத் தோலில் ஒட்டிக்கொண்டு, ஆசை எழும் நேரத்தில் கம் போடுவது, ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். வேரினிக்ளின், புப்ரோபியான் என்று நிகோட்டின் இல்லாத மாத்திரைகளும் உண்டு. அவை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

இந்த ரெண்டு பக்கமும் போகாதீங்க

சிகரெட்டை நிறுத்திவிட்டு உதட்டுக்குள் புகையிலை ஒதுக்குபவர்கள் அதிகம். 'புகை இல்லையே' என்று சமாதானம் வேறு. வாய்ப்புற்றுநோய்க்கு அது நேர் வழி. கம்மில் இருப்பது அளந்து சேர்த்த நிகோட்டின் மட்டும். அதில் புகையிலை இல்லை.

அடுத்தது, திருட்டுத்தனமாகக் கிடைக்கும் வேப். உள்ளே என்ன திரவம் என்று விற்பவருக்கே தெரியாது. 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா சத்து கலந்த, முறைசாராத வழியில் வாங்கிய திரவங்கள்; அவற்றில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

யாரிடம் கேட்பது?

சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண், மத்திய அரசின் இலவச ஆலோசனை எண். தமிழிலும் பேசலாம். 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்எம்எஸ் மூலம் ஆலோசனைகள் வரும். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கெனத் தனி மையம் இருக்கிறது. நீங்கள் போய்ப் பேசும்போது கையில் இரண்டு விவரம் இருந்தால் போதும். நாளைக்கு எத்தனை சிகரெட், காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட். நடுவில் ஒரு நாள் சறுக்கி ஒன்று பிடித்துவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று சொன்னால் அந்த நேரத்துக்குத் தனியாக வழி சொல்வார்கள்.