சொல்ல ஆளில்லாத பிள்ளைமை: சென்டர்பாயின்ட் கம்யூனில் வளர்ந்தவர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வடக்கே, ஆல்பனியில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய சென்டர்பாயின்ட் கம்யூன் 2000இல் மூடப்பட்டது. அதை நிறுவிய பெர்ட் பாட்டர் விற்பனைத் தொழிலில் இருந்தவர். கலிஃபோர்னியாவில் அன்று பரவியிருந்த குழுச் சிகிச்சை முறைகளைப் பார்த்துவந்து, தம்மை ஆன்மிக வழிகாட்டியாக நிறுத்திக்கொண்டார். சொத்து பொது, படுக்கை பொது, பிள்ளைகளும் பொது. சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காக 1992இல் அவருக்கு ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மேலும் சிலரும் தண்டனை பெற்றார்கள்.

சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது. அங்கே வளர்ந்தவர்களின் கணக்கு முடியவில்லை. அவர்களில் 29 பேரிடம் நேர்காணல் நடத்தி மாஸ்ஸி பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நெருங்கிய உறவுகளில் தடுமாற்றம், போதைப் பழக்கம், குடும்பத்துக்குள் ஆறாத மனக்கசப்பு, அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் வெளியுலகம் என நீண்டகாலப் பாதிப்புகள் பல அதில் பதிவாகியுள்ளன. இவற்றைத் தனித்தனி நோய்க்குறிகளாக வாசிப்பது போதாது என்பது என் வாதம். குற்றம் நடந்ததோடு, அதைச் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லாமல் போனதும் சேர்ந்தே இந்தப் பாதிப்புகளை வயதுவந்த வாழ்வு வரை இழுத்துவந்திருக்கிறது.

கம்யூனில் இருந்த கழிப்பறைகளுக்குக் கதவு கிடையாது. அது கொள்கை. உடலை மறைப்பது மனத்தடை, மனத்தடை ஒரு நோய், நோயை வெளிப்படையாக இருந்து போக்கிக்கொள்ள வேண்டும் என்பது பாட்டரின் போதனை. பெரியவர் ஒருவர் இதை விரும்பி ஏற்கலாம். வெளியில் கதவுள்ள வீட்டில் வளர்ந்தவர் அவர். ஏழு வயதுப் பிள்ளைக்கோ ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வீடு இல்லை. கூச்சப்பட்டால் அது தன் குறை என்றுதான் அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். அருவருப்பும் அச்சமும் ஒரு குழந்தைக்கு இயற்கை கொடுத்த காவல். அந்தக் காவலையே குணப்படுத்த வேண்டிய நோய் என்று சொல்லி வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்கள் திணறினால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வதுண்டு. இங்கே அந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். மேய்ந்தவர்கள் சிலர். வேலியே தேவையில்லை என்று பிடுங்கிப் போட்டவர்கள் பெற்றோர். அவர்களில் பலர் அதை அன்பு என்றே நம்பிச் செய்தார்கள். இதற்கு மாறாக, சிலியில் பால் ஷேஃபர் 1961இல் நிறுவிய கொலோனியா டிக்னிடாட் என்ற குடியிருப்பில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்து விடுதிகளில் வைத்தார்கள், சுற்றிலும் முள்வேலி. அங்கு வளர்ந்தவர் ‘என் தாயை என்னிடமிருந்து பறித்தார்கள்’ என்று சொல்ல முடியும். சென்டர்பாயின்டில் தாய் அதே வளாகத்தில், அதே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். பிள்ளைகள் வெளியே பள்ளிக்கும் போய்வந்தார்கள். வாசல் திறந்தே இருந்தது. அதனாலேயே அங்கு வளர்ந்தவரை ‘அம்மாவுக்குத் தெரியுமா?’ என்ற கேள்வி நாற்பது வயதிலும் விடாமல் துரத்துகிறது. பிள்ளை தன்னைக் காக்க வேண்டியவரையே சார்ந்து வாழ்கையில், அவரது துரோகத்தைக் காணாமல் இருப்பதே பிழைக்கும் வழியாகிவிடும் என்று உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் விளக்கியிருக்கிறார். எல்லாரும் பெற்றோராக இருந்த ஓர் இடத்தில், காணாமல் விடவேண்டிய முகங்கள் எத்தனை!

நேர்காணல் தந்தவர்களில் சிலர் நல்ல நினைவுகளையும் சொல்லியிருக்கிறார்கள். விளையாடக் கூட்டாளிகள், மரங்கள், உடன்பிறப்புகள்போல் வளர்ந்த நெருக்கம். இதைக் காட்டி, சொல்லப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் மோசமில்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் முற்றாக மறுக்கிறேன். அந்த மகிழ்ச்சி உண்மையானது. காயத்தின் ஒரு பகுதியும் அதுவே. குற்றத்தைச் சொல்லத் துணிபவர் தம் பிள்ளைமையின் நல்ல பாதியையும் சேர்த்து இழக்கத் தயாராக வேண்டும். கூட வளர்ந்தவர்களிலேயே ‘எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே’ என்பவரின் நட்பையும் இழக்க நேரலாம். ஆகவே பலர் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தைச் சாட்சியாகக் கொண்டு அங்கே பாதிப்பில்லை என்று முடிவுகட்டும் ஆய்வு, கம்யூன் செய்ததையே மறுபடியும் செய்கிறது.

சிகிச்சைக்கு வருவோம். மற்ற உளக்காயங்களுக்கு ஆற்றுப்படுத்துநரை நாடச் சொல்கிறோம். சென்டர்பாயின்டில் நடந்த கொடுமையோ சிகிச்சையின் மொழியிலேயே நடந்தது. ‘மனம் திற’, ‘உன் தடைகளை விடு’, ‘இங்கே நீ பாதுகாப்பாக இருக்கிறாய்’ போன்ற சொற்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நினைவைக் கிளப்பும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மெத்தென்ற நாற்காலியும் கனிந்த குரலும் சிலருக்கு ஆறுதல், இவர்களுக்கு எச்சரிக்கை. ஆற்றுப்படுத்துநர் முதலில் தம் தொழிலின் வழக்கச் சொற்களை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும். எதையும் சொல்லாமல் எழுந்து போகவும் உரிமை உண்டு என்பதை வாயால் சொன்னால் போதாது. வந்தவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்.