கேட்காத கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நம் மாணவர்களில் மருத்துவர் ஆனவர்கள் அவசியம் படியுங்கள். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் உறவினர்களும்தான்.

பாபிலோன் மன்னன் ஹம்முராபியை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் அவன் கல்லில் வெட்டி வைத்த சட்டத்தில் கண் வைத்தியரும் வருகிறார். வெண்கலக் கத்தியால் கண்ணில் அறுத்துக் குணமாக்கினால் 10 ஷெக்கல் வெள்ளி கூலி. பெரிய மனிதரின் கண் போய்விட்டால் வைத்தியரின் கை வெட்டப்படும். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதியைக் கொடுத்தால் போதும். அன்றைக்கே ஆளைப் பார்த்துத்தான் நீதி!

அங்கே குற்றம் கையில் இருந்தது. கையில் குற்றமே இல்லாத ஒரு வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. சட்டம் படிப்பவர்கள் அதை ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்பார்கள்.

அந்தப் பெண்மணிக்கு 9 வயதில் அடிபட்டு வலது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. இடது கண்ணை வைத்தே குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்தார். வலது கண்ணில் உள்ள தழும்பை நீக்கினால் தோற்றமும் சரியாகும், பார்வையும் ஓரளவு திரும்பலாம் என்றார் கண் மருத்துவர். 1984 ஆகஸ்டில் ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் பார்வை வரவில்லை. அதோடு, நன்றாக இருந்த இடது கண்ணும் பறிபோனது.

எப்படி என்கிறீர்களா? ஒரு கண்ணின் உட்பகுதியில் காயமோ கத்தியோ பட்டால், மிக அரிதாக உடலின் எதிர்ப்புச் சக்தி மற்றக் கண்ணையும் பகையாக நினைத்துத் தாக்கிவிடும். 14,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்று வழக்கில் சொல்லப்பட்டது. முன்பே அடிபட்ட கண் என்றால் ஆபத்து சற்றுக் கூடுதல்.

ஆபரேஷன் முறையாகத்தான் செய்யப்பட்டிருந்தது. ஆனால் இந்த ஆபத்தை மருத்துவர் சொல்லவில்லை. அந்த அம்மாவோ என்னென்ன ஆகலாம் என்று துருவித் துருவிக் கேட்டவர். நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடாமல் அதை மூடி வைக்க முடியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். தவறான கண்ணில் கத்தி வைத்துவிடுவார்களோ என்ற அவருடைய பயம் முதல் நாளே மருத்துவமனைக் குறிப்பில் பதிவாகியிருந்தது. "இந்தக் கண்ணில் செய்வது அந்தக் கண்ணைப் பாதிக்குமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம் என்று சில மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1992 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்யாது. அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியமாக நினைப்பாரோ அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றது. 8 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு உறுதியானது.

அதனால்தான் மருத்துவ மாணவர்களிடம் சொல்கிறேன். படிவத்தில் கையெழுத்து வாங்குவது நர்ஸம்மா வேலை என்று விட்டுவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். ஒற்றைக் கண்ணை நம்பி இருப்பவரிடம் இன்னும் பத்து நிமிடம் கூடப் பேசுங்கள்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு வர 2015 வரை ஆனது. அது ஒரு பிரசவ வழக்கு. இன்னொரு நாள் எழுதுகிறேன்.