பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

சங்கீத நாடக அகாதெமி விருதுப் பட்டியலை எடுத்து, அதன் முதல் வரிசையைப் பாருங்கள். 1951-52. நான்கே பெயர்கள். இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்கு முஷ்டாக் ஹுசேன் கான், வாத்தியத்துக்கு அலாவுதீன் கான். கர்நாடக சங்கீதத்தில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர்.

தெற்கில் தஞ்சாவூர் இருக்கிறது, கும்பகோணம் இருக்கிறது, மைசூர், திருவனந்தபுரம் என்று பெரிய சமஸ்தானங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் அந்த முதல் வரிசையில் இருக்கும் இரண்டு தென்னாட்டுப் பெயர்களுக்கும் முன்னால் நிற்பவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சைக்கிள் மிதித்தே போய்விடக்கூடிய இரண்டு ஊர்கள். இந்தத் தகவலை முதலில் பார்த்தபோது, தரவில் ஏதோ தப்பு இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். தப்பு இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் விட்டுப்போன பெயர்களும் இருக்கின்றன.

*

செட்டிநாட்டில் காவிரி கிடையாது. கண்மாய் உண்டு, பொட்டல் உண்டு, மழை பெய்தால் விவசாயம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் சங்கீதம் வளர்ந்ததற்கு வயலையும் ஆற்றையும் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இங்கே ஓடிய ஆறு பணம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிப் போய் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். வீடு கட்டினார்கள், கோவில் திருப்பணி செய்தார்கள், நாள் கணக்கில் கல்யாணம் நடத்தினார்கள். கல்யாணம் என்றால் நாகஸ்வரம், கச்சேரி. பெரிய வித்வான்களை வரவழைப்பது வீட்டின் கௌரவம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் அந்த வீடுகள்தான் அன்றைக்கு இங்கிருந்த சபாக்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்து வந்த ஒரு குடும்பம் காரைக்குடிக்கு வந்து நிலைத்ததும் இந்தப் பின்னணியில்தான். அண்ணன் சுப்பராம ஐயர், தம்பி சாம்பசிவ ஐயர். சாம்பசிவ ஐயர் பிறந்தது 1888ல். குடும்பத்தில் வீணை வாசித்தவர்களில் ஏழாவது தலைமுறை என்று அவர்களைச் சொல்வார்கள். ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்ற பெயரில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். பழைய புகைப்படங்களில் ஒரு விசேஷம் கண்ணில் படும்: தம்பி எல்லோரையும் போல வீணையைக் கிடத்தி வைத்திருப்பார், அண்ணன் நேராக நிமிர்த்திப் பிடித்திருப்பார். ஒரே வீடு, ஒரே பாடம், வாத்தியத்தைப் பிடிப்பதில் மட்டும் இரண்டு வழி.

அவர்கள் வாசிப்பை இன்று ‘காரைக்குடி பாணி’ என்கிறோம். மீட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். லயம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆலாபனைக்குப் பிறகு வரும் தானம் இந்தப் பாணியின் உயிர். தாளக்கட்டு இல்லாமலே ஒரு நடை ஓடிக்கொண்டிருக்கும் பகுதி அது. வீணை என்றால் சாந்தம், கனவு, சரஸ்வதி காலண்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தானத்தைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

*

காரைக்குடியை ஒட்டியிருக்கும் அரியக்குடிக்கு இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று பித்தளைக் குத்துவிளக்கு. இன்னொன்று 1890ல் அங்கே பிறந்த ராமானுஜ ஐயங்கார். புதுக்கோட்டை மலையப்ப ஐயர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார், பிறகு ‘பூச்சி’ என்று எல்லோரும் அழைத்த ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் என்று குருமார்கள். 1938ல் சங்கீத கலாநிதி, 1958ல் பத்ம பூஷண், 1967ல் மறைவு.

இவர் செய்ததை ஒரு சாஃப்ட்வேர்காரன் மொழியில் சொல்வதானால், கச்சேரியின் ‘டீஃபால்ட் செட்டிங்’கை மாற்றி எழுதினார். அதற்கு முன்னால் கச்சேரி என்றால் நீளமான ஆலாபனை, அதைவிட நீளமான பல்லவி என்று வித்வானின் பலப் பரீட்சை. ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கினார். அடுத்து விறுவிறுப்பான சில கிருதிகள், நடுவே ஒன்றோ இரண்டோ விஸ்தாரமாக, ராகம் தானம் பல்லவி அளவாக, கடைசியில் துக்கடாக்கள். பெரும்பாலும் மத்தியம காலம். டிக்கெட் வாங்கி வந்து, முடிந்ததும் வீடு திரும்ப வேண்டிய புது நகரத்து ரசிகருக்கு ஏற்ற வடிவம் அது. இன்றைக்கு மார்கழியில் எந்த சபாவுக்குள் நுழைந்தாலும் நாம் கேட்பது ஏறக்குறைய இந்த வரிசையைத்தான். யார் வகுத்தது என்று பாடுகிறவரும் யோசிப்பதில்லை, கேட்கிறவரும் யோசிப்பதில்லை. ஒரு வடிவத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாடல்களுக்கும் ஆண்டாளின் திருப்பாவைக்கும் இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல அவர் போட்டவை. இது முக்கியம். ஏனென்றால் 1941ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டி, ‘மேடையில் தமிழ்ப்பாட்டு எங்கே?’ என்ற கேள்வியை வெளிப்படையாகப் போட்டவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அவர் ஊர் கானாடுகாத்தான். அதுவும் இதே செட்டிநாடு. 1943ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. மியூசிக் அகாதெமி ஒரு பக்கம், தமிழிசைச் சங்கம் ஒரு பக்கம் என்று சென்னையில் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் பணமும் குரலும், அது யாரை எதிர்த்து எழுந்ததோ அந்தக் கச்சேரி மேடையின் முக்கியமான சிற்பியும், ஒரே வட்டாரத்திலிருந்து போனவை. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லாமல் செட்டிநாட்டு இசை வரலாறு முழுமையாகாது.

சினிமாவும் கிராமபோனும் இதே மண்ணைத் தொட்டுப் போயிருக்கின்றன. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் இசைத்தட்டு விற்பனையில் இறங்கியது 1932ல். உலகப்போர்க் காலத்துச் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை சாலையில் கொட்டகை போட்டு அவர் ஸ்டூடியோ நடத்தினார். டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்த ‘நாம் இருவர்’ (1947) அங்கே உருவான படம்.

*

பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அடியும் விழுந்தது. 1930களின் பொருளாதார மந்தம், 1942ல் பர்மாவில் ஜப்பான் படை, அதன் பிறகு அங்கே நடந்த நிலச் சட்ட மாற்றங்கள். வீடுகள் நின்றன, வீட்டுக்குள் கச்சேரி நின்றுபோனது. வித்வான்கள் சென்னைக்குப் போனார்கள். மெய்யப்பனும் ஸ்டூடியோவோடு வடபழனிக்குப் போனார். சாம்பசிவ ஐயர் கடைசிக் காலத்தில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் இருந்து கற்றுக்கொடுத்தார், 1958ல் மறைந்தார்.

ஊரில் மிஞ்சவில்லையே தவிர, ஊர் பெயரில் மிஞ்சியது. 1935ல் குன்றக்குடியில் பிறந்த வைத்தியநாதன், வயலினையும் தவிலையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார். சினிமாவுக்கு இசையமைத்தார். நெற்றி நிறைய விபூதியும் பெரிய குங்குமமுமாக, சங்கீதம் தெரியாத வீடுகளிலும் தெரிந்த முகமானார். சுத்த சங்கீதக்காரர்களில் சிலருக்கு முகம் சுளித்தது, கூட்டத்துக்குப் பிடித்தது. 1945ல் பிறந்த காரைக்குடி மணி மிருதங்கத்தைப் பக்கவாத்தியம் என்ற இடத்திலிருந்து நகர்த்தி, தாளமே ஒரு முழு நிகழ்ச்சியைத் தாங்கும் என்று காட்டினார். ஆஸ்திரேலிய ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். 1998ல் அகாதெமி விருது, 2023 மே மாதம் மறைவு. ‘காரைக்குடி’ என்ற சொல்லை மெல்போர்ன் அரங்குகள் உச்சரித்தது அவரால்தான்.

நம் இசை உலகில் ஊர்ப்பெயர் என்பது வெறும் முகவரி அல்ல. கூடவே எடுத்துப் போகக்கூடிய நினைவுச்சின்னம் அது. காரைக்குடியில் கண்ணதாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒரு மணிமண்டபத்தைப் பார்க்க நாம் ஊருக்குப் போக வேண்டும். சங்கீத வித்வானோ ஊரையே தூக்கிக்கொண்டு மேடை மேடையாகப் போகிறார். அழைப்பிதழ், இசைத்தட்டு, ரேடியோ அறிவிப்பு என்று எல்லா இடத்திலும் முதலில் வருவது ஊர், அதன் பிறகுதான் ஆள்.

அப்படியானால் யாருடைய பெயருக்கு முன்னால் ஊர் வரவில்லை?

*

1930களில் சுப்பராம ஐயர் மறைந்த பிறகு தம்பியின் பக்கத்தில் இருந்த இடம் காலியானது. பின்னாளில் குருவோடு அந்த மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் ஒரு சிறு பெண். 1932ல் பிறந்த ரங்கநாயகி. மழலை மாறாத வயதிலேயே சாம்பசிவ ஐயரிடம் வந்து சேர்ந்தவர். விடியற்காலையில் எழுப்பிவிடும் சாதகம், தப்பு வந்தால் தண்டனை என்று மிகக் கடுமையான குருகுலம் அது. இன்றைய அளவுகோலில் நமக்குச் சங்கடம் தரும் கடுமைதான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பயிற்சியிலிருந்து வந்த வாசிப்பு 2018ல் அவர் மறையும் வரை காரைக்குடி பாணிக்குச் சாட்சியாக நின்றது. நமக்கு அவர் பெயர் ரங்கநாயகி ராஜகோபாலன்.

சுப்பராம ஐயரின் பேத்தி ராஜேஸ்வரி. கலாக்ஷேத்திராவில் சாம்பசிவ ஐயரிடம் கற்று, பின்பு அதே இடத்தில் பல வருஷம் கற்றுக்கொடுத்தவர். அந்தக் குடும்பத்தின் ஒன்பதாவது தலைமுறை. அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் வீணை வாசிக்கிறார்கள். நமக்கு அவர் பெயர் ராஜேஸ்வரி பத்மநாபன். அவருடைய தம்பி, சாம்பசிவ ஐயர் தத்தெடுத்த பிள்ளை, பிரஹத்வனி ஆய்வு மையத்தை நிறுவியவர். அவர் பெயர் காரைக்குடி சுப்ரமணியன்.

ஒரே வீட்டு வித்தை. தம்பியின் பெயருக்கு முன்னால் ஊர், அக்காவின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆணின் பெயர். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தம்பி மேல் குறையும் இல்லை. இது எல்லா இடத்திலும் உள்ள விதியும் அல்ல. எம்.எஸ்.ஸின் ‘எம்’ மதுரை, டி.கே. பட்டம்மாளின் ‘டி’ தாமல். ஆனால் எழுத்தாகச் சுருங்கிய ஊர் வேறு, முழுசாக உச்சரிக்கப்படும் ஊர் வேறு. ‘காரைக்குடி’ என்ற பாணியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியதில் பெரும்பங்கு பெண்களுடையது. அந்தச் சொல்லைப் பெயரில் சுமந்ததோ பெரும்பாலும் ஆண்கள்.

இது பெயரைப் பற்றிய சின்னப் பிரச்சினையா? இணையத்தில் தேடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. தேடுபொறிக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். ‘காரைக்குடி’ என்று தட்டினால் அந்த எழுத்து எந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் மேலே வரும். பதிவேற்றுகிறவர் பாணியின் பெயரைத் தலைப்பில் போடாவிட்டால், ரங்கநாயகி அம்மாள் வாசித்த தானம் தேடுகிறவர் கண்ணுக்கே வராது. டேட்டாபேஸில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளே இல்லை என்றுதான் இயந்திரம் புரிந்துகொள்ளும். மனிதர்களும் கொஞ்ச காலத்தில் அப்படியே புரிந்துகொள்வார்கள்.

பெயருக்கு முன்னால் ஊர் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. நகரக் கோவில்களில் வேளை தவறாமல் வாசித்த நாகஸ்வர, தவில் கலைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. உள்ளூரில் இருப்பவரை யாரும் ஊர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரைவிட்டுப் போனவருக்குத்தான் ஊர்ப்பெயர் கிடைக்கும். அங்கேயே இருந்து அதைத் தினமும் எழுப்பியவருக்குக் கிடைக்காது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய ஆச்சிகளுக்கும் இதே நியாயம்தான்.

விருதுகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1952ல் அந்த விருது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குத் தொடக்கமே இல்லை. சாம்பசிவ ஐயருக்கு அதே வருஷம் சங்கீத கலாநிதியும் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு விருதும் வந்தபோது அவர் வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் இருந்தார். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்தச் சிறு பெண் அவரிடம் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டாள். பாணி பிழைத்தது அதனால்தான்.

நம்மால் ஆகக்கூடியது ரொம்பச் சின்ன வேலை. அவர்கள் ஒலிப்பதிவுகளைப் பகிரும்போது தலைப்பில் ‘காரைக்குடி பாணி’ என்று சேர்த்து எழுதலாம். விக்கிப்பீடியா கட்டுரைகளில் குரு பெயரோடு சிஷ்யைகள் பெயரையும் இணைக்கலாம். ஊர்க்கோவில் நாகஸ்வரக்காரரின் பெயரைக் கேட்டு, ஊரோடு சேர்த்து எழுதி வைக்கலாம். அதற்கெல்லாம் முன்னால், ஒரு சாயங்காலம் நேரம் ஒதுக்கி, சாம்பசிவ ஐயரின் தானம் ஒன்றைக் கேளுங்கள். உடனே ரங்கநாயகி ராஜகோபாலனின் தானம் ஒன்று, பிறகு ராஜேஸ்வரி பத்மநாபனுடையது ஒன்று. மூன்றிலும் எந்த ஊர் கேட்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.