காக்டெயிலும் கறுப்பு வெள்ளை ஹாலிவுட்டும்

மதுவிலக்கு அமலில் இருக்கும் குஜராத்தில் உட்கார்ந்துகொண்டு காக்டெயில் பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் இந்தக் கதை ஆரம்பிப்பதே ஒரு மதுவிலக்கில்தான் என்பதால் எழுதலாம், தப்பில்லை.

அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை நாடு முழுக்க மதுவிலக்கு. குடி நின்றதா என்றால், இல்லை, ஒளிந்துகொண்டது. கள்ள ஜின்னின் நாற்றத்தை மறைக்க எலுமிச்சைச் சாறு, தேன் என்று எதையாவது கலந்தார்கள். மார்ட்டினியும் மன்ஹாட்டனும் அதற்கு முன்பே பிறந்தவை. தடை அவற்றுக்குத் திருட்டு மாங்காயின் ருசியைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

தடை நீங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1934 மே மாதம் 'தி தின் மேன்' வந்தது. துப்பறிவாளர் நிக்காக வில்லியம் பவல். அறிமுகக் காட்சியிலேயே, மன்ஹாட்டனை ஃபாக்ஸ்ட்ராட் தாளத்தில் குலுக்கணும், மார்ட்டினியை வால்ட்ஸ் தாளத்தில் குலுக்கணும் என்று பார் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். கணவர் ஆறாவது மார்ட்டினியில் இருக்கிறார் என்று தெரிந்ததும், மனைவி நோரா (மிர்னா லாய்) தனக்கும் இன்னும் ஐந்தை வரிசையாக வைக்கச் சொல்கிறார். பிறகு தலையில் ஐஸ் பை. அதோடு கணக்கு தீர்ந்தது! பார்ப்பவர்களுக்கு ஒரே சிரிப்பு.

அதே ஆண்டு ஜூலையில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. கதைக்கோ பாத்திரத்துக்கோ தேவையில்லாமல் குடியைக் காட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. நல்ல கதாசிரியர்கள் கோப்பைக்கும் கதையில் வேலை கொடுத்தார்கள். 'காசாபிளாங்கா'வில் (1942) நாஜி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிரெஞ்சுக்காரி யுவான் கேட்கும் பானம் 'பிரெஞ்ச் 75'. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களைச் சுட்ட பிரெஞ்சு பீரங்கியின் பெயர் அது! வசனமே தேவையில்லை.

இனி ஜாக் லெமனுக்கு வருவோம். 1929-ல் நடக்கும் கதையான 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில் பெண் வேடத்தில் ரயிலில் போகிறார். மேல் பெர்த்தில் மர்லின் மன்றோ கூட்டத்தோடு, வெந்நீர்ப் பையில் மன்ஹாட்டன் கலக்கும் கூத்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும்.

மூன்றே வருடம் கழித்து, 1962-ல், அதே லெமன் 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' படத்தில் வருகிறார். குடியே பிடிக்காத, சாக்லேட் மட்டும் பிடித்த பெண்ணுக்கு (லீ ரெமிக்) சாக்லேட் மணக்கும் 'பிராந்தி அலெக்சாண்டர்' வாங்கித் தருகிறார். தொடக்கம் அந்த இனிப்புதான். கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் அந்தக் கோப்பைக்குள் மூழ்குகின்றன. ஒளித்து வைத்த பாட்டிலைத் தேடி மாமனாரின் கண்ணாடிச் செடிவீட்டை அவர் துவம்சம் செய்யும் காட்சியைப் பார்த்தால் தூக்கம் வராது. கடைசியில் கணவன் மீள்கிறான். மனைவி மீளவில்லை.

1998-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, தானும் ஒரு குடிநோயாளி என்று லெமன் சொன்னார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் செடிவீட்டுக் காட்சியை வெறும் நடிப்பாக என்னால் பார்க்க முடியவில்லை.

1934-ல் ஐஸ் பையோடு முடிந்த கணக்குக்கு, ஹாலிவுட் 1962-ல் முழு பில்லையும் நீட்டியது. பிள்ளைகளோடு பழைய படம் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.