ஓட்டாஞ்சில்லும் கணிப்பொறியும்

பானை உடைந்துவிட்டால் வீட்டாருக்கு அது குப்பை. தெருப் பிள்ளைகளுக்குப் பாண்டி ஆடும் சில்லு. வரலாற்று ஆராய்ச்சியாளருக்கோ அதுவே ஏடு. ஓலை மட்கும், மரத்தைச் செல் அரிக்கும், செப்பை உருக்கி வேறொன்று வார்ப்பர். சுட்ட மண் மட்டும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.

ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரைக் கடந்து சென்றால் பட்டறைப்பெரும்புதூர் என்னும் சிற்றூர் உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 2015-16ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தபோது கற்கருவிகளும், உறைகிணறும், கருப்பு சிவப்பு மட்கல ஓடுகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. இத்தகைய அகழாய்வுகளில் ஓடுகள் கூடை கூடையாகக் கிடைக்கும். அவற்றை வகைப்படுத்துவது எங்ஙனம்?

மாணவர்களே, வட்டவில்லின் மீதுள்ள மூன்று புள்ளிகளைக் கொண்டு முழு வட்டத்தையும் வரையலாம் என்று வடிவகணிதத்தில் படித்திருப்பீர்கள். பானையின் விளிம்புத் துண்டும் ஒரு வட்டவில்லே. அதனைக் கொண்டு வாயின் அகலத்தை அறியலாம். சக்கரத்தில் வனைந்த கலம் எப்பக்கமும் ஒரே வடிவினது. ஆதலால் விளிம்பு முதல் அடிவரை ஒரு கீற்று அகப்பட்டாலும் முழுக் கலத்தையும் தாளில் வரைந்துவிடலாம். அறிஞர் கையால் செய்துவந்த இவ்வேலையையே இன்று கணிப்பொறியும் செய்யக் கற்றுவருகிறது.

இத்தாலியின் பைசா பல்கலைக்கழகம் தலைமையேற்று 2016 முதல் 2019 வரை நடத்திய ‘ஆர்க்எய்ட்’ என்னும் திட்டம், ஓட்டின் ஒளிப்படத்தைக் கண்டு அதன் வகையைக் கூறும் செயலியை ஆக்கியது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த வண்ணக்கோல ஓடுகளைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதில் வல்லுநர் நால்வருடன் ஒப்பிட்டபோது பொறி அவர்களுக்கு இணையாகவோ மேலாகவோ நின்றது. ஆயினும், வல்லுநர் வகை குறித்துத் தந்த படங்களைக் கொண்டே அது பயின்றது என்பதை மறத்தலாகாது. ஆசிரியர் பிழைபடச் சொன்னால் மாணாக்கனும் அப்படியே எழுதுவான் அல்லவா!

நம் கருப்பு சிவப்புக் கலங்களிலோ பெரும்பாலும் கோலம் இல்லை. அவ்வகை ஆயிரம் ஆண்டுக்கு மேல் வழக்கில் இருந்தது. நிறத்தை மட்டும் கண்டு காலம் சொல்ல இயலாது. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், காலம் தெரிந்த இத்தாலியக் கலத்துண்டுகள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று பார்த்தே, உடன் கிடந்த உள்நாட்டுக் கலங்களின் காலத்தைக் கணித்தார். பின்வந்தோர் அக்கணிப்பைத் திருத்தியதும் மண்ணடுக்கைக் கொண்டே.

பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் புதுமனைகளின் பள்ளத்தை நிரப்ப எங்கிருந்தோ லாரியில் மண் வந்து கொட்டப்படுகிறது. அம்மண்ணில் பழைய ஓடு ஒன்று வந்தால், அது கிண்ணத்தின் விளிம்பு என்று பொறி கூறிவிடும். அது எவ்வூரில், எவ்வடுக்கில், எதனோடு கிடந்தது என்பதை எந்தப் படமும் காட்டாது.

ஆகவே வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய ஓட்டைக் கண்டால் அசைக்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.