உப்புக்காத்துக்கு வாரண்டி இல்லை

புதுக் கார் வாங்குகிறவர் கைக்குச் சாவியோடு ஒரு வாரண்டிப் புத்தகமும் வந்து சேரும். மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்ததும் அது டேஷ்போர்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை எடுத்துப் புரட்டுகிற நாள் பெரும்பாலும் நல்ல நாளாக இருக்காது. எது எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று ஒரு பக்கம் இருக்கும். பல கம்பெனிகளின் புத்தகத்தில் அமில மழை, பறவை எச்சம், மரப்பால் என்று போகிற வரிசையில் உப்பும் உட்கார்ந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரருக்கு அது சும்மா ஒரு வார்த்தை. உச்சிப்புளிக்காரருக்கு அதுதான் ஊர்.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகப்போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. உச்சிப்புளியில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வருஷத்தில் பாதி நாள் ஒரு கடலிலிருந்து காற்று, மீதி நாள் இன்னொன்றிலிருந்து. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நட்டு 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் களநிலையம் வைத்தது. தகடுகளைச் சட்டத்தில் மாட்டி வெளியில் விட்டு, அப்புறம் எடுத்து எடை போட்டுப் பார்க்கிற வேலை. பார்த்தால் சாதாரணம், ஆனால் பொறுமை வேண்டும். இந்தியாவிலேயே இரும்பு மிக வேகமாகக் கரைகிற இடங்களில் மண்டபம் ஒன்று என்பது அப்படித்தான் எண்ணாக எழுதப்பட்டது.

இந்தக் காற்று காரில் முதலில் கைவைக்கிற இடங்களில் ஒன்று பிரேக் காலிப்பர். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அதுதான். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களில் ஒரு பக்கம் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். அது உள்பக்க பேடைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி வந்து வெளிப்பக்க பேடை இழுக்கும். அந்தப் பின்னைக் காப்பது ஒரு சின்ன ரப்பர் பூட். பூட்டில் கீறல் விழுந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போகும், பின் ஜாம் ஆகும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேட் விடாது. சக்கரம் கொதிக்கும், கருகல் வாடை வரும், மைலேஜ் விழும், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ராமேஸ்வரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி பாம்பன் சாலைப்பாலத்தின்மேல் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓடுகிற வண்டியாவது பரவாயில்லை. நிற்கிற வண்டிதான் கெடும். துபாய்க்கோ சவூதிக்கோ போனவர் ஊரில் வாங்கி விட்டுப்போன கார் தார்ப்பாய்க்குள் ஆறு மாசம் நிற்கும். தார்ப்பாய் வெயிலைத் தடுக்கும். உள்ளே சேர்ந்த ஈரத்தையும் வெளியே விடாது. உப்பு தானே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற பொருள். அவர் லீவில் வந்து ஸ்டார்ட் போடும்போது, "அண்ணே, பிரேக் புடிச்சுக்கிச்சுண்ணே, வீல் சுத்த மாட்டேங்குது" என்று பட்டறைக்கு போன் போகும்.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-ல். 1953 லெமான் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சித்ரோன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களுக்கு வந்தது. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கினாலும், நம் சாலைகளில் ரொம்ப காலம் டிரம் பிரேக் அம்பாசடர்தான். டிரம் மூடிய பானை. துரு பிடிக்காது என்றில்லை, ஆனால் காற்று நேராக உள்ளே அடிக்காது. டிஸ்க் திறந்த அடுப்பு. சூடு சீக்கிரம் ஆறுவதற்காகத் திறந்து வைத்தார்கள். பாம்பன் சாலைப்பாலம் 1988-ல் திறந்தபின் கார்கள் தீவுக்குள் போகத் தொடங்கின. அதற்கடுத்த வருஷங்களில் டிஸ்க் பிரேக்கும் சாதாரணக் கார்களில் பரவியது.

வாரண்டியின் கதை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1955-ல் ஒருவர் மனைவிக்காக வாங்கிய பிளிமத் கார், 468 மைல் ஓடியபோதே ஸ்டீயரிங் கெட்டுச் சுவரில் மோதியது. 90 நாள் அல்லது 4000 மைலுக்குள் கெட்ட பாகத்தை மாற்றித் தருவோம், அதற்குமேல் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பொடி எழுத்து செல்லாது என்று 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரண்டி என்பது வாங்குபவருக்குக் கொடுக்கிற வாக்கு என்று நாம் நினைக்கிறோம். விற்பவர் தன் பொறுப்புக்கு எல்லை கட்டுகிற வேலியாகவும் அது இருந்திருக்கிறது, இருக்கிறது.

துருவுக்கு அந்த வேலிக்குள் இடம் கிடைத்தது 1970-களில். குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைக் கொட்டினார்கள், கார்கள் ஓட்டை விழுந்து போயின. போர்ஷே தன் 911-க்குத் துத்தநாகம் பூசிய உடல் கொடுத்து ஆறு வருஷ உத்தரவாதம் தந்தது. துருப்பிடித்த பீட்டா கார்களை லான்சியா 1980-ல் பிரிட்டனில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் பிறகு பரவிய துரு வாரண்டிகள் பெரும்பாலும் உடல் தகட்டுக்கு மட்டும்தான், அதுவும் துளை விழுந்தால்தான். கண்ணுக்குத் தெரிகிற கதவுக்கு வாரண்டி உண்டு, உயிரைக் காக்கிற காலிப்பருக்கு அது கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இந்தியச் சட்டத்தில் என்ன வழி? 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவில், வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ராமநாதபுரம் ஷோரூமில் விற்கிற காருக்கு இது பொருந்துமே என்று தோன்றும். ஆனால் பிராண்டுப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு அது பொருந்தாது என்று அடுத்த வரியே விலக்கு தருகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உற்பத்திக் குறை என்று காட்டுகிற வேலை பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழும். மாருதி வழக்கொன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியின்படி குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், காரையே மாற்றித் தரவேண்டியதில்லை என்றது. காலிப்பர் வழக்கில் அந்தப் பாகத்துக்கே சண்டை. பூச்சு மோசமா, காற்று மோசமா என்று யார் சொல்வது? முதல் வருஷத்திலேயே பின் ஜாம் ஆனால் பூச்சைச் சந்தேகிக்க இடம் இருக்கிறது. ஆனால் துருவைப் பார்த்ததும் சர்வீஸ் அட்வைசர் கை அந்த உப்பு வரியைத்தான் தேடும்.

பக்கத்திலேயே மாற்று உதாரணம் ஒன்று இருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்கு, 1964 புயலில் மற்ற கர்டர்கள் பெரும்பாலும் அடித்துப்போன பிறகும் நின்றது. துரு மிஞ்சி 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும்வரை 108 வருஷம் அதன்மேல் ஓட்டினார்கள். அதற்கு யாரும் வாரண்டி அட்டை தரவில்லை. சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், கிரீஸ் போட்டார்கள், பதிவேட்டில் எழுதினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப்பாலத்தின் பூச்சு பராமரிப்பில்லாமல் 38 வருஷம் தாங்கும் என்று ரயில்வே சொல்லியிருக்கிறது. உப்புக்காற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே கொடுத்த வாக்கு அது.

காருக்கு அந்த வாக்கு வருகிறவரை பட்டறைதான் கதி. ஒவ்வொரு சர்வீஸிலும் பின்னைக் கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் போடச் சொல்லலாம். சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை ஊதவைத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். நிறுத்திவைக்கிற வண்டியை வாரம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டி வரச்சொல்லி வீட்டில் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது தேவலை. வாரண்டி ஓடுகிற காலத்தில் இதெல்லாம் அங்கீகரித்த சர்வீஸிலேயே நடந்து, ஜாப் கார்டில் "காலிப்பர் பின் கழற்றிச் சுத்தம்செய்யப்பட்டது" என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். "அதெல்லாம் எழுத மாட்டோம் சார்" என்பார்கள். எழுதுகிறவரை சாவியை வாங்காமல் நிற்க வேண்டியதுதான்.